‘தனியாக ஓர் இடம்’: கேட்பது யார், ஒதுக்குவது யார்?

சில ஆண்டுகளுக்கு முன், நான் படித்த பல்கலைக்கழகத்தில் மாணவிகள் கூட்டம் ஒன்று நடந்தது. முதுகலையில் சேர்ந்திருந்த திருநங்கைத் தோழி ஒருவர் பெண்கள் விடுதியில் அறை கேட்டு விண்ணப்பித்திருந்தார். நிர்வாகம் தானாக முடிவெடுக்கவில்லை. “பொண்ணுங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்” என்று பொறுப்பை எங்கள் தலையில் கட்டியது.

கூடியிருந்தவர்கள் யாரும் பிற்போக்காளர்கள் அல்ல. மார்ச் 8 ஊர்வலத்தில் முன்வரிசையில் நடப்பவர்கள். விடுதிக் கதவை மாலையிலேயே பூட்டுவதை எதிர்த்து வாசலில் உட்கார்ந்தவர்கள். எனக்குப் பெண்ணியம் சொல்லிக்கொடுத்ததே அவர்களில் சிலர்தான். அன்றைக்கு மூத்த தோழி ஒருவர் பேசியது கடைசியில் முடிவாகவும் ஆயிற்று: “நாம அவங்களுக்கு எதிரி இல்ல. ஆனா பெண்களோட பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கு. அவங்களுக்குத் தனியா ஓர் இடம் குடுங்கன்னு எழுதுவோம்.”

எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தனி இடம் கடைசிவரை வரவில்லை. தோழி வெளியே வாடகைக்கு அறை தேடினார். முதல் வீட்டில் நேரில் பார்த்ததும் “ஆள் வந்துட்டாங்க” என்றார்கள். அடுத்த வீட்டில் இரண்டு மடங்கு முன்பணம் கேட்டார்கள். கடைசியில் கிடைத்த அறையிலிருந்து வகுப்புக்கு வர இரண்டு பேருந்து மாற வேண்டும். இரண்டாம் பருவத் தேர்வுக்கு அவர் வரவில்லை. அவர் படிப்பை விட்டதற்கு எங்கள் கடிதம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கடிதமும் ஒரு காரணம்.

அந்த வாக்கியத்தை அன்றைக்கு நான் அடையாளம் கண்டிருக்க வேண்டும். எங்கள் ஊர் டீக்கடையில் ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளர், சேரியிலிருந்து போகும் எங்களுக்குப் பிளாஸ்டிக் கப். பள்ளியில் படிக்கும்போது என் அண்ணன் ஒருநாள் ஏன் என்று கேட்டான். கடைக்காரர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்களுக்குத்தானேப்பா தினமும் புதுசு!” தனியாக ஒதுக்குகிறவர்கள் ஒருபோதும் தங்களை எதிரி என்று சொல்லிக்கொள்வதில்லை. உனக்கும் இதுதான் நல்லது என்றுதான் சொல்வார்கள்.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது.

லண்டனில் ஒரு தீர்ப்பு

2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ‘ஃபார் விமன் ஸ்காட்லாந்து’ என்ற பெண்கள் அமைப்பு ஸ்காட்லாந்து அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. பொது நிறுவனங்களின் ஆட்சிக் குழுக்களில் பாதி இடம் பெண்களுக்கு வர வேண்டும் என்று ஸ்காட்லாந்து 2018இல் சட்டம் இயற்றியது. அந்தப் பாதியில் திருநங்கைகளும் அடங்குவார்களா என்பதில் தொடங்கிய வழக்கு, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்றால் யார் என்ற கேள்வியில் வந்து நின்றது. உயிரியல் அடிப்படையில் பெண்ணாகப் பிறந்தவரே பெண் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்ற திருநங்கையும் அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை பெண் அல்ல என்பது இதன் பொருள்.

தீர்ப்பில் இருப்பதை முழுதாகச் சொல்ல வேண்டும். திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பிரிவுகள் அப்படியே தொடரும் என்று நீதிமன்றம் கூறியது. ஒரு தரப்பு இன்னொரு தரப்பை வென்றதாக இதைப் பார்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. ஆனால் நீதிமன்ற வாசலில் அப்போதே வெற்றிக் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வழக்கில் பல அமைப்புகள் இடையீடு செய்து வாதம் வைத்தன. விக்டோரியா மெக்லவுட் என்ற முன்னாள் நீதிபதி, தானே ஒரு திருநங்கை, தன் தரப்பையும் கேட்கும்படி விண்ணப்பித்தார். அனுமதி கிடைக்கவில்லை. திருநர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்த வழக்கில் திருநர் ஒருவர்கூடத் தன் குரலில் பேசவில்லை. நம்மைப் பற்றி நாம் இல்லாத அறைகளில் முடிவெடுக்கப்பட்ட வரலாறு உள்ள நமக்கு இது புதிதல்ல.

லண்டன் தீர்ப்பு லண்டனோடு நிற்கவில்லை. ஏப்ரல் 15 தமிழ்நாட்டில் திருநங்கையர் நாள். தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் நல்சா வழக்கில் 2014இல் தீர்ப்பளித்ததும் அதே நாளில்தான். எங்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஏப்ரல் 15 அன்று திருநங்கையர் நாள் வாழ்த்துப் படம் வந்தது. மறுநாள் லண்டன் தீர்ப்பு வந்தது, கைதட்டும் படத்தோடு. இரண்டையும் போட்டவர் ஒரே தோழி. அவர் சாதி ஒழிப்புக் கூட்டங்களுக்கும் வருபவர். அவருக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பிறப்பு என்ற சான்று

“சாதி மனிதர்கள் கட்டிய பொய். உடல் மெய். இரண்டையும் ஒன்றாக்காதே” என்பது அந்தத் தோழியின் வாதம். நியாயமான வாதம்தான். மாதவிடாயும் கர்ப்பமும் பிரசவமும் கற்பனை அல்ல. பெண்ணாகப் பிறந்ததற்காகவே கருவில் அழிக்கப்பட்டவர்களின் கணக்கு உசிலம்பட்டியிலும் சேலத்திலும் இருக்கிறது. பெண் உடல் மீது நடக்கும் ஒடுக்குமுறையைப் பெயர் சொல்லிப் பேசத்தான் வேண்டும்.

ஆனால் உடல்களுக்குள் வேறுபாடு உண்டா என்பதல்ல இங்கே கேள்வி. பிறந்த அன்று ஒருவர் மீது எழுதப்பட்டதை வைத்து, அவர் எந்த வாசலில் நுழையலாம், எந்த உடை உடுத்தலாம், எந்தப் பெயரால் அழைக்கப்படலாம் என்பதை வாழ்நாள் முழுவதற்கும் தீர்மானிக்கலாமா என்பதுதான் கேள்வி. ‘பிறப்பு ஒன்றே போதும், வேறு சான்று தேவையில்லை’ என்ற ஏற்பாட்டின் முழுச் சுமையையும் சுமந்தவர்கள் நாம். அந்த ஏற்பாட்டை வேறொருவர் மீது சுமத்தும்போது நாம் கைதட்ட முடியாது.

இந்த இரண்டு வரலாறுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. தோள்சீலைப் போராட்டத்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 1859இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தது. அப்போதும் ஆதிக்கச் சாதிப் பெண்கள் அணிவது போல் அணியக் கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை. 12 ஆண்டுகள் கழித்து, 1871இல், பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்றதும் நமக்கு 1920இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடு நினைவுக்கு வரும். அந்த 1871 சட்டத்துக்கு இரண்டு பகுதிகள் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது. முதல் பகுதி, சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. இரண்டாம் பகுதி, வட மாகாணங்களின் ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் ஏற்றியது. பதிவேட்டில் பெயர் உள்ளவர் பெண் உடையில் தெருவில் தென்பட்டால் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், 2 ஆண்டுவரை சிறையில் அடைக்கலாம்.

ஒரே சட்டப் புத்தகம், அடுத்தடுத்த பக்கங்கள். பிறப்பால் குற்றவாளியென ஒரு கூட்டத்தாரும், பிறப்புக்கு மாறாக உடுத்தியதால் குற்றவாளியென இன்னொரு கூட்டத்தாரும். எந்த உடல் எந்தத் துணியை உடுத்தலாம் என்று அரசும் சாதியும் சேர்ந்து சொன்ன காலம் அது. நம் பாட்டிகள் எதிர்த்துப் போராடியது அந்த அதிகாரத்தைத்தான்.

உடலைச் சோதிப்பவர் யார்?

“பிறப்பில் பெண்” என்பது காகிதத்தில் எளிமையான வரையறை. நடைமுறையில் அதற்கு ஒரு வாயிற்காவலர் வேண்டும். வருகிறவர் பெண்தானா என்று பார்க்க ஒருவர் வேண்டும். அந்தப் பார்வை யார் மீது விழும்?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களுக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். தலித் பெண். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பின்னர் பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. சாந்தி திருநங்கை அல்ல. பெண் என்றே பெயரிடப்பட்டு, பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே ஓடியவர். உலகம் முழுக்க அவருடைய உடல் செய்தியானது. ஊர் திரும்பிய அவர் பின்னொரு காலத்தில் சூளை வேலைக்குப் போக நேர்ந்தது. பெண்களின் போட்டியைப் பாதுகாக்கிறோம் என்று வைத்த வேலி, செருப்பில்லாமல் ஓடிப் பழகிய ஒரு தலித் பெண்ணைத்தான் வெளியே தள்ளியது. அந்த வேலி இப்போது இன்னும் உயர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைக்கான தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட ஒருமுறை மரபணுச் சோதனை கட்டாயம்.

ஒரு பெண் பெண் போல இல்லை என்று யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? கறுத்தவளை, உயரமானவளை, மூட்டை தூக்கித் தோள் அகன்றவளை, குரல் தடித்தவளை. உழைக்கும் சாதிப் பெண்களைச் ‘சரியான’ பெண்களாக இந்தச் சமூகம் எப்போதாவது ஒத்துக்கொண்டிருக்கிறதா? காவல் நிலையத்தில் இரண்டு காவலர்களால் வல்லுறவுக்கு ஆளான மதுரா ஓர் ஆதிவாசிச் சிறுமி. அவளுடைய உடலில் போராடிய காயம் இல்லை என்று காரணம் காட்டி 1978இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காவலர்களை விடுவித்தது. உடல்தான் சாட்சி என்றால் எந்த உடலை நம்புவது என்பதைச் சாதிதான் முடிவு செய்யும்.

பிறப்பே அளவுகோல் என்றால் திருநம்பிகளை எங்கே வைப்பது? தாடி வளர்ந்து, ஆணாக வாழும் ஒருவர் பிறப்பின்படி பெண்கள் அறைக்கு வர வேண்டும். அவரைப் பார்த்துப் பெண்கள் பயப்படக்கூடும் என்பதால், சில சூழல்களில் அவரையும் பெண்கள் இடத்திலிருந்து விலக்கலாம் என்கிறது அதே லண்டன் தீர்ப்பு. அப்படியானால் அளவுகோல் பிறப்பா, தோற்றமா? இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி ஒரு சிறு கூட்டத்தை எல்லா வாசலிலும் நிறுத்தி வைப்பதுதான் நடக்கிறது.

சட்டத்தில் விடுபட்ட பாதி

இந்தியப் பெண்கள் அமைப்புகள் அந்த ஸ்காட்லாந்து அமைப்பைப் போன்றவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நல்சா தீர்ப்பை வரவேற்றவை பல. 2019இல் திருநர் சட்டம் வந்தபோது திருநர்களோடு தெருவில் நின்றவையும் உண்டு. நம்முடைய சிக்கல் வேறு. நாம் எதிர்ப்பதில்லை, விட்டுவிடுகிறோம்.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பின் நீதிபதி வர்மா குழு அமைக்கப்பட்டு, 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை தந்தது. வல்லுறவுக் குற்றத்தில் குற்றவாளி ஆண் என்றே இருக்கட்டும், பாதிக்கப்பட்டவர் எந்தப் பாலினத்தவராகவும் இருக்கலாம் என்பது அதன் பரிந்துரை. பிப்ரவரி 3 அன்று அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் இரண்டு பக்கமும் ‘நபர்’ என்று எழுதியது. அதாவது ஒரு பெண் மீதும் வல்லுறவு வழக்குப் போடலாம். பெண்கள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பு சரியானது. புகார் கொடுக்கும் தலித் பெண் மீது எதிர்ப்புகார் கொடுப்பது ஆதிக்கச் சாதிகளின் பழைய தந்திரம் என்பது வன்கொடுமை வழக்குகளில் அலைந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கையில் இன்னோர் ஆயுதத்தைக் கொடுக்க முடியாது.

குற்றவாளியை ஆண் என்றே வையுங்கள், பாதிக்கப்பட்டவர்களில் திருநர்களையும் சேருங்கள் என்று பல பெண்ணிய, பால்புதுமையர் குழுக்கள் தெளிவாகக் கேட்டன. ஏப்ரலில் வந்த இறுதிச் சட்டம் அந்தக் கோரிக்கையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. குற்றவாளி ஆண், பாதிக்கப்பட்டவர் பெண். திருநர்கள் இருந்த பாதி கீழே விழுந்தது. விழுந்த பாதியை எடுக்க, முதல் பாதிக்காகத் திரண்ட கூட்டம் திரளவில்லை.

விளைவைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் திருநர் சட்டம் திருநர் மீதான பாலியல் வன்முறைக்குக் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு என்று தண்டனை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஒரு பெண்ணை வல்லுறவு செய்தால் குறைந்தது 10 ஆண்டு. அதே புதிய சட்டம் பழைய 377ஆம் பிரிவை முழுதாக நீக்கிவிட்டது. விருப்பமுள்ளவர்களின் உறவைக் குற்றமாக்கிய பகுதி 2018இலேயே செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. ஆனால் விருப்பத்துக்கு மாறான வன்முறைக்கு எதிராகத் திருநர்களும் ஆண்களும் பிடித்துக்கொள்ள மிஞ்சியிருந்த ஒரே கொம்பும் அந்தப் பிரிவுதான். அதுவும் போயிற்று.

ஒரே குற்றம். பாதிக்கப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்து 10 ஆண்டு அல்லது 6 மாதம். பாதிக்கப்பட்டவரும் குற்றவாளியும் எந்த வருணம் என்று பார்த்துத் தண்டனையை அளந்த ஒரு நூலை நமக்குத் தெரியும். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் அதைக் கொளுத்தினார்.

அச்சத்தைப் பற்றி

“நீ சட்டம் பேசுகிறாய். இரவில் விடுதிக் குளியலறையில் பயப்படுவது நாங்கள்தான்” என்று ஒரு தோழி சொல்லலாம். ஆண்களின் வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணுக்கு ஆண் குரலைக் கேட்டாலே உடல் நடுங்கும். அந்த நடுக்கத்தை வெறுப்பு என்று முத்திரை குத்துவது கொடுமை. அவளோடு உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

ஆனால் அச்சம் மெய்யானது என்பதாலேயே, அது சுட்டும் ஆள் குற்றவாளி ஆகிவிட மாட்டார். தலித் இளைஞன் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு ஊர்ப் பெண்களை மயக்குகிறான் என்று 2012இல் தருமபுரியைச் சுற்றிப் பரப்பப்பட்ட பிரச்சாரத்தை நாம் மறக்கவில்லை. “எங்கள் பெண்களின் பாதுகாப்பு” என்ற பெயரில்தான் அந்த ஆண்டு நவம்பரில் நத்தம் காலனி எரிக்கப்பட்டது. பெண்களின் பாதுகாப்பு என்ற சொல்லை யார் எடுத்து யார் மீது வீசுகிறார்கள் என்று பார்க்கக் கற்றுக்கொண்ட இயக்கம் நம்முடையது. ஒரு கூட்டத்தார் முழுவதையும் இயல்பிலேயே ஆபத்தானவர்கள் என்று சொல்லும் எந்தப் பேச்சையும் நாம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். விடுதியில் யார் தவறு செய்தாலும் அவர் மீது நடவடிக்கை எடுக்க விதி வேண்டும். அது செயலுக்கு எதிரான விதியாக இருக்கட்டும், பிறப்புக்கு எதிரான விதியாக வேண்டாம்.

இதற்கு நம் கண் முன்னால் ஓர் எடுத்துக்காட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அடுத்த மாதமே அது திருநங்கைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பூக்காரம்மாவும் துப்புரவுப் பணிக்குப் போகிற அக்காவும் திருநங்கையும் ஒரே பேருந்தில், பல நேரம் ஒரே இருக்கையில் போகிறார்கள். முறைப்பவர்கள் இருக்கிறார்கள், தள்ளி உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இதனால் பெண்களுக்குக் கிடைத்த பயணம் ஒரு நிறுத்தம்கூடக் குறையவில்லை. உரிமை என்பது பங்கிட்டால் தீர்ந்துபோகும் சோற்றுப்பானை அல்ல.

தனிக் குவளையும் தனி வாக்காளர் தொகுதியும்

“அவர்களே தனி இடம் கேட்கிறார்களே!” என்பது அடுத்த வாதம். உண்மைதான். திருநர்களுக்கான தனி விடுதி, தனிக் கழிப்பறை, தனி மருத்துவப் பிரிவு வேண்டும் என்று கேட்கும் திருநர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது கிடைக்க வேண்டும்.

இங்கே நமக்கு நம் வரலாறே வழிகாட்டும். ‘தனி’ என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு பொருள் உண்டு. ஒன்று டீக்கடையின் தனிக் குவளை. இன்னொன்று அம்பேத்கர் கேட்ட தனி வாக்காளர் தொகுதி. 1932இல் இரட்டை வாக்குரிமையோடு அது கிடைத்தபோது, இந்துக்களைப் பிரிக்கிறது என்று காந்தி பட்டினி கிடந்தார், பூனா ஒப்பந்தத்தில் அது பறிபோனது. தனிக் குவளையை எதிர்த்த அதே மனிதர்தான் தனித் தொகுதியைக் கேட்டார். இதில் முரண் இல்லை. குவளை நம் மீது ஒதுக்கப்பட்டது. தொகுதி நாம் கேட்டது. குவளை பொது வாசலை மூடியது. தொகுதியோ பொதுத் தொகுதி வாக்கை வைத்துக்கொண்டே நமக்கென்று இன்னொரு வாக்கையும் தந்தது.

ஆகவே ‘தனியாக ஓர் இடம்’ என்று யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்போம். கேட்பது யார்? முடிவெடுப்பது யார்? தனி வாசல் திறக்கும்போது பொது வாசல் மூடப்படுகிறதா? அன்றைய எங்கள் கூட்டத்தில் தோழி கேட்டது பெண்கள் விடுதியில் அறை. தனி இடம் கேட்டது நாங்கள். அவரை அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் அழைக்கவே இல்லை.

கேட்காமல் ஒதுக்குவதில் அரசும் குறைவைத்ததில்லை. தமிழ்நாடு அரசு 2015இல் திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலினத்தை ஒரு சாதி போல நடத்திய ஏற்பாடு இது. இதில் ஒரு தலித் திருநங்கை, ஒன்று தலித்தாக வரலாம் அல்லது திருநங்கையாக வரலாம். இரண்டுமாக வாழ்பவருக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்களுக்குப் பங்கு தரும் கிடைமட்ட இட ஒதுக்கீட்டை கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். கர்நாடகம் 2021இல் அரசுப் பணிகளில் 1 விழுக்காடு கிடைமட்ட ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் பாலின அடையாளத்தைச் சாதியாக நடத்தியது தவறு என்று கூறி, கிடைமட்ட ஒதுக்கீட்டின் பக்கம் நின்றது. இது திருநர் அமைப்புகளின் போராட்டமாக மட்டுமே இருக்கிறது. பெண்களுக்கான ஒதுக்கீட்டைக் கிடைமட்டமாக அனுபவித்து அதன் பயனை அறிந்த பெண்கள் அமைப்புகள்தான் இதில் முதலில் பேசியிருக்க வேண்டும்.

பிரிப்பது யார்?

1995இல் தலித் பெண்களுக்கான தேசிய அமைப்பு உருவானபோது, பெண்கள் ஒற்றுமையைக் குலைக்காதீர்கள் என்ற குரல் எழுந்தது. பெண் என்றால் பெண்தான், அதில் என்ன தலித் பெண் என்று கேட்டார்கள். தலித் பெண்களின் வேறுபட்ட குரலை ஏன் கேட்க வேண்டும் என்று கோபால் குரு எழுதியதும் அதே ஆண்டுதான். தலித் பெண்கள் வந்ததால் பெண்கள் இயக்கம் உடைந்து போகவில்லை. கூலி, நிலம், மலம் அள்ளுதல், ஆணவக் கொலை என்று அதுவரை ‘பெண்கள் பிரச்சினை’ ஆகாதவை எல்லாம் பெண்கள் பிரச்சினை ஆயின.

இன்று திருநங்கைகள் வாசலில் நிற்கிறார்கள். வீட்டிலிருந்து துரத்தப்படுதல், வாடகை வீடு, காவல் நிலைய வன்முறை, வயிற்றுப் பிழைப்புக்கான பாலியல் தொழில் ஆகியவை அவர்களோடு உள்ளே வரும். இவற்றில் எது நம் பிரச்சினை இல்லை? நேற்று நம்மிடம் சொல்லப்பட்ட “பிரிக்காதீர்கள்” என்ற சொல்லை இன்று நாம் அவர்களிடம் சொல்வோமானால், நாம் உள்ளே வந்தது கதவைத் திறக்க அல்ல, இடம் பிடிக்க என்று ஆகிவிடும்.

என்ன செய்யலாம்

இதைப் படிக்கும் பலர் மாணவர்கள். உங்களால் இன்றே செய்யக்கூடியவற்றிலிருந்து தொடங்குகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகளை எடுத்துப் படியுங்கள். எல்லாப் பாலினத்து மாணவர்கள் மீதான வன்முறையிலும் நிறுவனம் உறுதியாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மூன்றாம் பாலின மாணவர்களின் பெயரும் அதில் இருக்கிறது. உங்கள் கல்லூரி உட்புகார்க் குழு ஒரு திருநங்கை மாணவியின் புகாரை வாங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். விடுதி விண்ணப்பத்தில் திருநர் எங்கே தங்குவார் என்பதை அவரே குறிப்பிட இடம் கேளுங்கள்.

பெண்கள் அமைப்புகளிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் வேறு. திருநங்கைகளை மார்ச் 8 மேடையில் நடனமாட மட்டும் அழைக்காதீர்கள், உறுப்பினராக்கி நிர்வாகக் குழுவில் உட்கார வையுங்கள். திருநர் குறித்த எந்தத் தீர்மானமும் திருநர்கள் இல்லாத அறையில் போட வேண்டாம். 2013இல் கீழே விழுந்த பாதியை மீண்டும் கையில் எடுங்கள். வல்லுறவுச் சட்டத்தில் குற்றவாளி ஆண் என்பதை விட்டுக்கொடுக்காமலேயே, பாதிக்கப்பட்டவர்களில் திருநர்களைச் சேர்க்கக் கேளுங்கள். திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு 2 ஆண்டு என்ற அவமானத்தை நீக்கக் கேளுங்கள். கிடைமட்ட இட ஒதுக்கீட்டை உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள்.

அந்தக் குழுவில் கைதட்டும் படம் போட்ட தோழி இப்போதும் என் தோழிதான். நானே கையெழுத்துப் போட்டவள் என்பதால் அவரைப் பார்த்து விரல் நீட்டும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதை இப்போது அவரிடம் சொல்கிறேன்.

நமக்கு ஒதுக்கப்பட்ட கப் தினமும் புதிதாகத்தான் இருந்தது, தோழி. அதனால் அது தீண்டாமை இல்லை என்று ஆகிவிடவில்லை.